கதவைக் கழிக்காத கணக்கு

வா தம்பி, உள்ள வா. செருப்பு கெடக்கட்டும், போட்டுக்கிட்டே வா. அந்தச் சேருல உக்காராத, அதுக்குக் கால் ஆடும். அதைத் தூக்கி ஒருத்தன் மேல எறிஞ்சதுல வந்த ஆட்டம். இந்தா, இந்த ஸ்டூல்ல உக்காரு. டீ குடிப்பேல்ல? சீனி தூக்கலாப் போட்டுருக்கேன்.

மேலூர்ல இருந்தா வாற? அம்புட்டுத் தூரத்துல இருந்து ஆளு கூப்பிட வேண்டியதாப் போச்சு பாரு. இந்த வில்லாபுரத்துல டைல்ஸ் ஒட்டுறவனுக்குப் பஞ்சமா? தெருவுக்கு ஒருத்தன் இருக்கான். ஒரு பய வரமாட்டேங்கிறான். ஃபோனப் போட்டா "எந்த வீடுக்கா"ங்கிறான். "மாவு மில்லு பஞ்சவர்ணம் வீடு"ன்னு சொல்லி வாய மூடல, லைன் கட்டாகிப்போகுது. எல்லாம் அந்தக் காசிமாயன் பயல் செஞ்ச வேலை. எனக்கு டைல்ஸ் ஒட்டுனவன். அந்தம்மா அடிக்கும்னு ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கான். நீயே பாரு, அடிக்கிற மூஞ்சியா இது?

வேலை பெருசா ஒண்ணும் இல்ல. பாத்ரூம் செவுத்துக்கு டைல்ஸ் ஒட்டியாச்சு. தரை பாதியில கெடக்கு. அந்த வெஸ்டர்ன் டாய்லெட்டு, அங்கிட்டுப் பாரு, பீரோவுக்குப் பக்கத்துல, அட்டைப்பெட்டியக் கூடப் பிரிக்காம நாலு மாசமா நிக்கிது. அதை உள்ள வச்சுச் சுத்தித் தரையப் பூசிக் குடுத்துட்டா முடிஞ்சுச்சு. உள்ரூம்புல எங்க வீட்டுக்காரரு படுத்திருக்காரு. இடுப்பு எலும்பு ஒடிஞ்சு தகடு வச்சிருக்கு. கொல்லையில பழைய கக்கூசு இருக்கு, அதுல குத்தவைக்கணும், அவரால ஆகாது. எல்லாம் படுக்கையிலதான். டாக்டரம்மா கறாராச் சொல்லிருச்சு, "இந்த மாசத்துக்குள்ள அவரை நடத்திக் கூட்டிப்போயி உக்கார வைங்க, இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துரும், அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு"ன்னு. அதான் இந்த அவசரம். அந்த டாய்லெட்டு உள்ள போனாத்தான் அவரு வெளிய வருவாரு.

நீ வேலையத் தொடங்குறதுக்கு முன்னாடி நடந்ததை என் வாயால கேட்டுக்க. நாளைக்கு டீக்கடையில எவனாச்சும் எதையாச்சும் சொல்லி நீ பாதியில ஓடிறக் கூடாது. உக்காரு, உக்காரு. அளவு எங்க போகப்போகுது.

எங்க வீட்டுக்காரருக்கு ராசையான்னு பேரு. பேருல மட்டுந்தான் ராசா. மில்லுல தராசு பாக்குறது அவரு, மிஷினு நானு. ரொம்ப நாளா முழங்கால் வலி அவருக்கு. கக்கூசுக்குப் போனா எந்திரிக்க முடியாது. உள்ள இருந்து "பஞ்சவர்ணம்"னு மெல்லக் கூப்பிடுவாரு. நான் போயித் தூக்கிவிடணும். ஒரு நாளு மில்லுல ஏழெட்டுப் பொம்பளைக நிக்கிறாளுக, அந்த நேரம் பாத்துக் கூப்பிட்டுட்டாரு. ஒருத்தி சிரிச்சுட்டா. அவ தூக்குவாளியப் பிடுங்கித் தெருவுல கவுத்துவிட்டேன், மாவு பூராம் சாக்கடையில. எங்க வீட்டு மனுசனப் பாத்துச் சிரிக்க இவ யாரு? அன்னைக்கே ஏலச்சீட்டத் தள்ளிப் பணத்தை எடுத்தேன். வைக்கிறேன்டா உள்ளேயே ஒரு பாத்ரூமு, எம்புருசன் நாற்காலியில உக்காந்த மாதிரி உக்காரட்டும்னு. எனக்கு அவருன்னா உசுரு தம்பி. அதை அவருகிட்டச் சொன்னதில்ல. சொன்னா எளக்காரமாப் போயிரும்.

காசிமாயன் வேலை சுத்தம். அதைச் சொல்லணும், பொய் சொல்லப்பிடாது. செவுத்துல கையத் தடவிப் பாரு, ஒரு எடத்துல தட்டாது. பேசுறதும் யக்கா யக்கான்னு பவ்யமாத்தான் பேசுவான். நானும் வந்தவனுக்கு மத்தியானச் சோறு போட்டேன். செவுரு முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம், "அளந்துருவோம்க்கா, செவுத்துக் காசக் குடுத்தீங்கன்னா தரையப் பாக்கலாம்"னான். சரின்னு டேப்புல ஒரு முனைய நான் பிடிச்சேன்.

நான் அளவுல வளந்தவ. ஒரு கிலோ அரிசி குடுத்தா மிஷின்ல ஒட்டுனதைக் கூடத் தட்டிக் குடுப்பேன். அவன் நாலு செவுத்தையும் நீளத்தையும் ஒசரத்தையும் பெருக்கிக் கூட்டிப்புட்டு, இம்புட்டு அடி, அடிக்கு இம்புட்டுக் கூலின்னு சொல்லிக் கைய நீட்டுறான். நான் கேட்டேன், "கதவு எங்கடா?"

"என்ன கதவுக்கா?"

"இந்தச் செவுத்துல ஒரு கதவு இருக்கேடா. ரெண்டரைக்கு ஏழு, பதினேழரை அடி. அதுல நீ டைல்ஸ் ஒட்டல. கதவைக் கழிக்கணுமா இல்லையா?"

அவன் சிரிச்சான். "தொழில்ல கதவு சன்னல் கழிக்கிறதில்லக்கா. கதவு ஓரத்துல டைல்ஸ அளந்து அளந்து வெட்டி ஒட்டணும், அதுக்குத் தனியாக் கூலி கேக்குறதில்ல. அதுக்கு இது சரியாப் போயிரும்"கிறான்.

எப்படி இருக்கு கதை? ஓட்டைக்குக் கூலி. இல்லாத செவுத்துக்கு நான் காசு குடுக்கணும். அப்ப இட்லி மாவு அரைச்சா பானைக்கும் சேத்து நான் கூலி வாங்கலாமா? நீயும் இந்தத் தொழில்தான், நீ சொல்லு தம்பி. கழிப்பியா, கழிக்கமாட்டியா? சரி, இப்பச் சொல்ல வேண்டாம். டீயக் குடி, ஆறுது.

இதையெல்லாம் நான் தன்மையாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவன் ஒரு வார்த்தை விட்டான். "மாவு மில்லுல இருக்கவங்களுக்கு இது புரியாதுக்கா." அம்புட்டுத்தான். செவுள்ல ஒண்ணு விழுந்துருச்சு. ஒண்ணே ஒண்ணு. நானாக் கை நீட்டுற ஆளு இல்ல தம்பி. என் சுபாவம் அது இல்ல. ஆனா மரியாதை கெட்ட பேச்சக் கேட்டா என் கை என்னைக் கேக்காது, அதுவாப் போயிரும். பாவி, பதினேழரை அடி கூடக் கேட்டான். இதுவரைக்கும் மொத்தத்துல அம்புட்டு அடியும் குடுத்துட்டேன்னு வச்சுக்கயேன், அரை அடி முன்னப் பின்ன இருக்கும்.

சத்தம் கேட்டு இவரு மில்லுல இருந்து ஓடியாந்தாரு. "விடு பஞ்சவர்ணம், கதவுக்கும் சேத்துக் குடுத்துருவோம், வேலை நடக்கட்டும்"கிறாரு. எவனோ ஒருத்தன் முன்னாடி, கட்டுன பொண்டாட்டிய விட்டுக்குடுக்குற பேச்சா இது? அவருக்கும் பொடனியில ஒண்ணு வச்சேன். அது செல்லத்துல வைக்கிறது. அவருக்கு அது பழக்கந்தான், ஒண்ணும் நெனைக்க மாட்டாரு.

காசிமாயன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு சாமானத்தை அள்ளப் போனான். விடுவேனா? டைல்ஸ் வெட்டுற மிஷினு, ரப்பர் சுத்தி, கரணை, மட்டம் பாக்குற அலுமினியக் கட்டை, எல்லாத்தையும் பிடுங்கி மில்லு ரூமுல போட்டுப் பூட்டினேன். ஊருக்கு எளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு நெனச்சுட்டான் போல. வாசல்ல நின்னு சொன்னேன், "கதவைக் கழிச்சு வேற கணக்கு எழுதிக்கிட்டு வா. வந்து கணக்க முடிச்சுட்டுச் சாமானத் தூக்கிட்டுப் போ"ன்னு. இதுல என்ன தப்பு இருக்கு? நியாயமான பேச்சு.

ஏன் தம்பி அந்தக் கட்டையவே பாக்குற? ஆமா, அதுதான். ஸ்டேசன்ல இருந்து வந்து எடுத்துக்கிட்டுப் போறோம்னாங்க, இன்னும் வரல.

அந்த வாரமே பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்தான். பொம்பளையக் கூட்டியாந்தா நான் எளகிருவேன்னு கணக்கு. அவ வாசல்ல நின்னுக்கிட்டு, "யக்கா, மிஷின் இல்லாம வேற வேலைக்குப் போக முடியலக்கா, வாடகைக்கு எடுத்தாக் கூலி அதுக்கே போயிருதுக்கா, மிஷின மட்டுமாச்சும் குடுங்க"ன்னு ஒரே அழுகை. எனக்கும் மனசு கேக்கல, நானும் பொம்பளதான. குடுத்துருவோம்னுதான் சாவிய இடுப்புல தேடுனேன். அதுக்குள்ள அவ ஃபோனைத் தூக்கிக்கிட்டா. வீடியோ எடுக்குறாளாம், நான் பேசுறதை. என் வீட்டு வாசல்ல நின்னு என்னைய வீடியோ எடுக்குறா.

கொண்டையப் பிடிச்சேன். பிடிச்ச பிடியில தெருவு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனேன். ஃபோன் எங்கயோ போயி விழுந்துச்சு. காசிமாயன் "விடுங்கக்கா, விடுங்கக்கா"ன்னு பின்னாடியே வந்தானே ஒழிய என் மேல கை வைக்கல, தைரியம் வேணும்ல. அன்னைக்கு நான் மொளகா அரைச்சுக்கிட்டு இருந்தேன். கையக் கழுவிட்டா சண்டைக்குப் போக முடியும்? அவ மூஞ்சியப் பிடிச்சப்பக் கண்ணுல பட்டுருச்சு. தெருவுல உருண்டு கத்துனா. அதுக்குப் போயி, பஞ்சவர்ணம் மொளகாப்பொடிய எறிஞ்சுட்டான்னு பேச்சு. எறியல தம்பி. கையில இருந்தது ஒட்டுச்சு. எறியிறது வேற, ஒட்டுறது வேற. இதை யாரு புரிஞ்சுக்கிறா?

இவரு என்ன பண்ணாரு தெரியுமா? ஒரு சொம்பு மோரை எடுத்துக்கிட்டுப் போயி அவ கண்ணுல ஊத்துறாரு. நடுத்தெருவுல. எனக்கு எப்படி இருக்கும்? அன்னைக்கு அவரு வீட்டுக்குள்ள வந்ததும் கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். எப்படிக் கேக்கணுமோ அப்படிக் கேட்டேன். அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

நான் பட்டதை நீ பாத்திருந்தா என்னையத் தப்பாச் சொல்லமாட்ட. எங்கய்யா எங்காத்தாள அடிக்கிற அடி, நாலு வீட்டுக்குக் கேக்கும். நாங்க புள்ளைக சாக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுக் கெடப்போம். செருப்பு வாசல்ல கழட்டுற சத்தம் கேட்டாலே எனக்கு ஒண்ணுக்கு வந்துரும். அப்பவே மனசுல வச்சேன், அடி வாங்குற பொம்பளையா நான் இருக்கமாட்டேன்னு. இருந்தேனா? இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருசமாச்சு, ஒரு நாளு என் மேல ஒரு கை பட்டதில்ல. நல்ல மனுசன், வாழ்க்கையில ஒரு தரம் கூட எதுத்து ஒரு சொல்லு சொன்னதில்ல. அப்படி ஒரு ஒத்துமை எங்களுக்குள்ள.

சரி, கதைக்கு வாறேன். அப்புறம்தான் அந்த ஃபோன் வந்துச்சு. ஃபோன் இல்ல, பேசி அனுப்புவாங்களே, அது. நான் அழிக்காம வச்சிருக்கேன். இந்தா, கேளு.

"யக்கா, நான் காசிமாயன் பேசுறேன். நாளைக்குக் காலையில வாறேன்க்கா. நாளைக்கு ஒங்க கணக்க முடிச்சுட்டுத்தான் எனக்கு மறுவேலை."

கேட்டியா? திரும்பப் போடவா? "ஒங்க கணக்க முடிச்சுட்டுத்தான் மறுவேலை." இது கொலை மிரட்டல் இல்லாம வேற என்ன? மதுரையில பொறந்தவனுக்கு, கணக்க முடிக்கிறதுன்னா என்னன்னு தெரியாதா? இதைக் கொண்டுபோயி ஸ்டேசன்ல போட்டுக் காட்டுனேன். அங்க ஒரு எஸ்.ஐ. அம்மா. காதுல வச்சுக் கேட்டுட்டு, "ஏங்க, பில்லு கணக்கத்தானுங்க சொல்றாரு"ங்குது. நான் கேட்டேன், "ஒங்களுக்கு எந்த ஊரும்மா?" கோயமுத்தூராம். அதான பாத்தேன். அங்கெல்லாம் கணக்குன்னா கணக்குத்தான். இங்க அப்படியா?

நானும் அதே வார்த்தையத்தான் சொன்னேன்னு இவரு அன்னைக்கு எடுத்துக் குடுக்குறாரு. "நீதான பஞ்சவர்ணம் வந்து கணக்க முடின்னு சொன்ன, அதான் அவரு முடிக்கிறேங்கிறாரு." நான் சொன்னது வேற, அவன் சொன்னது வேற. தொனின்னு ஒண்ணு இருக்குல்ல. நீ கேட்டேல்ல, அந்தத் தொனி எப்படி இருந்துச்சு? சளி பிடிச்ச மாதிரியா? அது சளி இல்ல தம்பி, வன்மம்.

மறுநா விடிஞ்சதும் எந்திரிச்சு, மில்லு ரூமத் தொறந்து அந்தக் கட்டைய எடுத்து வாசக் கதவுக்குப் பின்னாடி வச்சேன். தற்காப்பு. கெவர்மெண்டே அனுமதிச்சிருக்கு. இவரு "வேண்டாம் பஞ்சவர்ணம்"னு வந்தாரு, ஒரு பார்வை பாத்தேன், போயி வாசத் திண்ணையில ஓரமா உக்காந்துட்டாரு.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன். காசிமாயன் தனியா வாறான், தோள்ல ஒரு பை. நீளப் பை. உள்ள என்ன இருக்கும், நீயே சொல்லு. வாசப்படி ஏறினான். "யக்கா"ன்னு சொல்லிக்கிட்டே பைக்குள்ள கைய விட்டான்.

சேரத் தூக்கி எறிஞ்சேன். நெஞ்சுல பட்டுப் பின்னாடி சாஞ்சான். சாஞ்சவன் ஓடணும்ல? ஓடல. "கழிச்சாச்சுக்கா, கதவக் கழிச்சாச்சு"ன்னு கத்துறான். இதை அந்த ஃபோன்ல சொல்றதுக்கு என்ன? கதவைக் கழிச்சுட்டேன், நாளைக்கு வாறேன்னு மரியாதையா ஒரு வார்த்தை. சொல்லல. நான் கட்டைய எடுத்து வீசுனதுக்கப்புறம் சொல்றான். வீசுன கை திரும்பி வருமா?

கட்டை அவன் மண்டைக்குத்தான் போச்சு. நான் குறி தப்புறவ இல்ல. அவன் குனிஞ்சுட்டான். இவரு எப்ப எந்திரிச்சு வந்தாருன்னு தெரியல, அவனுக்குப் பின்னாடி, "பஞ்சவர்ணம்"னு கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இவரு இடுப்புல போயி எறங்கிருச்சு. காஞ்ச முருங்கைக் கொம்ப ஒடிச்ச மாதிரி ஒரு சத்தம். அப்படியே மடிஞ்சு வாசப்படியில விழுந்தாரு.

இப்ப நீ சொல்லு. அவன் குனியாம இருந்திருந்தா இவருக்குப் பட்டிருக்குமா? யாரால பட்டுச்சு? ஒரு ஆம்பளை, நேரா நின்னு வாங்குறதுக்கு என்ன கேடு? குனிஞ்சானே, அந்தக் குனிவுலதான் என் குடும்பம் போச்சு.

அதோட விட்டானா. "அண்ணே, அண்ணே"ன்னு இவரைத் தூக்கப் போறான். எம்புருசனை நாசமாக்குனவன் எம்புருசன் மேலேயே கை வைக்கிறான். பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? கட்டையாலேயே அந்தக் கையில போட்டேன். ரெண்டு போடு. மூணாவது ஓங்குனப்ப இவரு கீழ கெடந்துக்கிட்டு என் சேலைத் தலைப்பப் பிடிச்சாரு. அதான் நின்னுச்சு.

ஆட்டோ பிடிச்சுட்டு வந்தது காசிமாயன்தான். மணிக்கட்டு ஒடிஞ்சிருச்சாம், தொங்குன கையோட முக்கு வரைக்கும் ஓடினானாம், தெருவுல அம்புட்டுப் பேரும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாளுக. ஒடிஞ்ச கையோட எவனாச்சும் ஓடுவானா தம்பி? அதுலேயே தெரியல, நடிப்புன்னு? இன்னைக்கு வரைக்கும் கட்டுப் போட்டுக்கிட்டு, கரணை பிடிக்க முடியலன்னு சொல்லிக்கிட்டு அலையிறான்.

அந்தப் பைய அப்புறம் தொறந்து பாத்தேன். டாய்லெட்ட மாட்டுற போல்ட்டு, ரப்பரு, ஒரு பாக்கெட் வெள்ளைச் சிமெண்டு, நீளமா ஒரு பிளாஸ்டிக் குழாய். அரிவாளை வேற எங்கயாச்சும் வச்சிருந்திருப்பான். ஸ்கூட்டர் டிக்கியப் பாருங்கன்னு நான் அப்பவே போலீசுல சொன்னேன். ஒருத்தரும் பாக்கல.

ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. இம்புட்டையும் எழுத முடியுமா? சுருக்கமா எழுதுனேன், காசிமாயன் தள்ளிவிட்டதுல எம்புருசனுக்கு இடுப்பு ஒடிஞ்சதுன்னு. சுருக்குனா அதான வரும்? எஸ்.ஐ. அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து இவருகிட்டக் கேட்டுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். "யாருங்கய்யா தள்ளுனது?" இவரு என்னையப் பாக்குறாரு, அந்தம்மாவப் பாக்குறாரு, கடைசியில, "நானா வழுக்கி விழுந்துட்டேம்மா"ங்கிறாரு. பாரு, என் பேச்சுக்கும் ஆகாம, அவன் பேச்சுக்கும் ஆகாம. அந்தம்மா என்னையக் கொஞ்ச நேரம் வெளிய இருக்கச் சொல்லிச்சு. இருக்க முடியாதுன்னுட்டேன். எம்புருசன் பக்கத்துல நான் நிக்கக் கூடாதா?

போன வாரம் காசிமாயன் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறான். அந்தப் பொய்க் கேச வாபஸ் வாங்குனாப் போதுமாம். கதவுக் காசும் வேண்டாம், செவுத்துக் காசும் வேண்டாம், அவன் தம்பிய அனுப்பி ஒரே நாள்ல டாய்லெட்ட வச்சுக் குடுத்துருறானாம். அண்ணன் படுத்திருக்கிறதை நெனச்சாத் தூக்கம் வரலயாம். எப்படி மடக்குறான் பாரு. நான் வாபஸ் வாங்குனா என் மேல தப்புன்னு ஆயிருமுல்ல? வந்த ஆளை வாசப்படி எறங்க விடாம வாங்கு வாங்குன்னு வாங்குனேன். அப்புறம்தான் ஒன் நம்பரு கெடைச்சது.

இவரு ஒரு பக்கம் என்னையப் படுத்துறாரு. திங்கமாட்டேங்கிறாரு. மொதல்ல நாலு இட்லி தின்னாரு, அப்புறம் ரெண்டு, இப்ப ஒண்ணை வச்சுக்கிட்டு உருட்டுறாரு. தண்ணி குடிக்கவும் யோசனை. எந்தப் புருசனுக்குத் தம்பி பொண்டாட்டி படுக்கையிலேயே அள்ளிப் போடுவா? நான் போடுறேன், மொகம் சுழிக்காமப் போடுறேன். சில சமயம் ரெண்டு வார்த்தை வந்துரும், ஒரு தட்டுத் தட்டியிருப்பேன், மில்லுலயும் நின்னு இதையும் பாத்தா யாருக்குத்தான் வராது? அதுக்குப் பட்டினி கெடக்கணுமா? நாக்கு செத்துப்போச்சுன்னு நெனைக்கிறேன். நெல்லிக்காய் ஊறுகாய் வாங்கி வச்சிருக்கேன், அதையும் தொடல.

சரி எந்திரி, அளவெடுத்துருவோம். இந்த ரூம்பு வழியாத்தான் பாத்ரூமுக்குப் போகணும். மெல்ல வா, அவரு கண்ணு அசந்திருப்பாரு.

முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கீகளா? இந்தா, டைல்ஸ் ஒட்ட மேலூர்ல இருந்து தம்பி வந்திருக்கு. கெட்டிக்காரப் புள்ளையாட்டம் தெரியுது, நான் சொன்னதை எல்லாம் வாயத் தொறக்காமக் கேட்டுச்சு. இனிமே ஒங்களுக்கு ராஜ வாழ்க்கைதான்.

என்னங்க? சத்தமாச் சொல்லுங்க. தம்பி எதுல வந்துச்சுன்னா கேக்குறீக? குட்டியானை வண்டியில வந்துச்சு. வாசல்ல நிக்கிது. ஏன், கேட்டு என்ன செய்யப்போறீக?

பின்னாடி ஒரு ஆளு படுத்துக்கிட்டுப் போற அளவுக்கு எடம் இருக்கான்னு கேக்குறாரு தம்பி. பாத்தியா. நாலு மாசம் கழிச்சு மனுசனுக்குக் கிண்டல் வந்திருக்கு. எங்க போகப்போறீக, மேலூர்ல நமக்கு யாரு இருக்கா?

எங்கயாச்சும் எறக்கிவிட்டாப் போதுமாம்.

கேளு தம்பி, எங்கயாச்சுமாம். நல்ல ஆளுய்யா நீரு. ஏன் தம்பி, சிரிக்க வேண்டியதுதான? அவருதான் வெளையாட்டுக்குச் சொல்றாருல்ல. வெளையாட்டுக்குத்தான சொன்னீக? என்னையப் பாத்துச் சொல்லுங்க. அந்தப் புள்ள கையை எதுக்குப் பிடிக்கிறீக, அது வேலைக்கு வந்த புள்ள. விடுங்க. இப்படி வேர்த்துக் கொட்டுது பாரு, கரண்டு மிச்சம் பண்றேன்னு ஃபேனை அமத்திட்டுக் கெடப்பாரு, இருங்க நான் போடுறேன்.

என்னங்க.

என்னங்க, கையை எடுங்க. மூஞ்சியில இருந்து கையை எடுங்கங்கிறேன்ல. நான் ஒண்ணும் பண்ணல. அந்தப் புள்ள பாத்துக்கிட்டு நிக்கிது, என்ன நெனைக்கும் என்னைய. எடுங்கய்யா கையை.

தம்பி, நீ இங்கதான நின்ன. நீ பாத்தேல்ல. தலைமாட்டுல சுவிச்சு இருக்கு, அதைப் போடத்தான் கையைத் தூக்கினேன். வேர்க்குதேன்னுதான் தூக்கினேன். அதை அவருகிட்ட நீ சொல்லு தம்பி. நான் சொன்னா நம்பமாட்டாரு.